தலைக்கு, நாளொன்றுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஈப்போவின் பயண நிறுவனக் கண்ணாடிக் கதவுகளில் ஒரு படம் தவறாமல் ஒட்டப்பட்டிருக்கும். பதினெட்டு மாடி உயர வெள்ளைக் கப்பல். உச்சியில் நீச்சல் குளம், நீர்ச்சறுக்கு. அடியில் கொட்டை எழுத்தில் ஒரு விலை. மூன்று இரவு, சாப்பாடு உட்பட, ஆளுக்கு இவ்வளவு வெள்ளி. கேமரன் மலையில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்கி, வேளாவேளைக்கு வெளியே சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். சில வேளைகளில் கப்பலே மலிவு. கேமரன் ஹோட்டல் நின்ற இடத்தில் நிற்கிறது. கப்பலோ மூவாயிரம் பேரைச் சுமந்துகொண்டு, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு, மலாக்கா நீரிணையில் எண்ணெய் எரித்து ஓடுகிறது. அப்புறம் எப்படி இந்த விலை?

படத்தில் உள்ள விலையை மட்டும் நம்பி எந்தக் கப்பலும் ஓடுவதில்லை. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனமான கார்னிவல், 2023-இல் ஏறத்தாழ 2,160 கோடி டாலர் வருமானம் பார்த்தது. அதில் பயணச்சீட்டு விற்று வந்தது சுமார் 1,407 கோடி. மீதி 753 கோடி டாலரில் பெரும்பகுதி, சீட்டு வாங்கியவர்கள் அதற்கு மேல் செலவழித்த பணம்: பானம், சூதாட்டக்கூடம், கரைச்சுற்றுலா, இணையம், கடைகண்ணி. சீட்டுக்கு அப்பால் வரும் இந்த வரவைக் ‘கப்பலக வருவாய்’ என்று சொல்லலாம். நூறு வெள்ளி வந்தால் அதில் 35 வெள்ளி இந்தக் கணக்கில் வருகிறது.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு புதிரும் அவிழும். கப்பல் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது விலை ஏன் சில சமயம் தடாலென்று சரிகிறது? கட்டில் காலியாகப் போனால் நிறுவனத்துக்குச் சீட்டுக் காசு மட்டும் நட்டமில்லை. அந்தக் கட்டிலில் படுக்கவேண்டியவர் குடித்திருக்கக்கூடிய பானம், வாங்கியிருக்கக்கூடிய படம், பிள்ளைகள் அடம்பிடித்து ஆடியிருக்கக்கூடிய விளையாட்டு எல்லாமே போகிறது. அதனால் சீட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாவது ஆளை ஏற்றிவிடவேண்டும். ஏறிய பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முதல் வியப்பு அறையிலேயே காத்திருக்கிறது. கப்பல் அறை விலை பொதுவாக ‘இருவர் கணக்கு’: ஓர் அறையில் இரண்டு பேர் என்று வைத்துத்தான் ஆளுக்கு இவ்வளவு என்று அச்சிடுகிறார்கள். தனியாகப் போகும் பாட்டி பெரும்பாலும் இரண்டு பேர் காசைக் கட்டவேண்டியிருக்கும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கோ விலை குறைவு. பகலில் அந்த அறைக்குள் நுழைந்தால் இரண்டு கட்டில்தான் தெரியும். மாலையில் அறைப் பணியாளர் வந்து மேல்கூரையில் ஒரு பூட்டைத் திருகுவார். வெறும் பலகை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது கட்டிலாக இறங்கும், கூடவே சின்ன ஏணி. பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே ஏறிக்கொண்டால் இறங்கவே மாட்டார்கள்.

இந்தக் கூரைக் கட்டில்களால்தான், அறைக்கு இருவர் என்ற கணக்கில், உல்லாசக் கப்பல் நூற்றுக்கு நூறுக்கு மேல் நிரம்புகிறது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் 2023 நிரம்பல் விகிதம் 105.6 விழுக்காடு. நிலத்தில் இருக்கும் ஹோட்டல்கள் பொதுவாக இப்படி ஒரு கணக்கைக் காட்டுவதில்லை. ஆனால் கட்டில் இருக்கிறது என்பதற்காக எல்லா அறையிலும் நான்கு பேரை ஏற்றிவிடவும் முடியாது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914-இல் உருவான பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழிவந்த விதிகள் இன்றும் காவல் நிற்கின்றன: கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ ஓர் இடம் இருந்தே ஆகவேண்டும். ஒவ்வோர் அறையும் ஏதோ ஒரு படகு நிலையத்தோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையத்தின் எண்ணிக்கை முடிந்துவிட்டால், உங்கள் அறையில் நாலாவது கட்டில் காலியாக இருந்தாலும் கணினி உங்கள் கடைசிப் பிள்ளைக்கு இடம் இல்லை என்று சொல்லிவிடும். முகவர் பொய் சொல்கிறார் என்று கோபப்படவேண்டாம்.

‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்ற அறிவிப்பும் இந்தக் கூரைக் கட்டில்களைத்தான் குறிக்கிறது. சீட்டு இலவசம்தான். துறைமுகக் கட்டணமும் வரியும் இலவசம் இல்லை. இந்தத் துறைமுகக் கட்டணத்துக்கே ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் 1990களில், துறைமுகத்துக்கு உண்மையில் கட்டியதைவிடக் கூடுதலாக வசூலித்து, மிச்சத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டதாகச் சில நிறுவனங்கள்மீது புகார் எழுந்தது. 1997-இல் புளோரிடா மாநிலத் தலைமை வழக்கறிஞர் தலையிட்டு, அரசுக்குப் போகும் காசை மட்டுமே அந்தப் பெயரில் வாங்கலாம் என்று அவர்களை ஒப்புக்கொள்ள வைத்தார். அவர் பெயர் பாப் பட்டர்வொர்த். பேரா வாசகர்கள் சிரித்துக்கொள்ளலாம்; நம் பட்டர்வொர்த் ஊருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அதற்கும் ஒரு படி மேலே, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா சட்டத்தை அடுத்து, பெரிய நிறுவனங்கள் விளம்பர விலையிலேயே இவற்றையெல்லாம் சேர்த்துக் காட்டத் தொடங்கின. அந்தச் சட்டமும் தொடாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதுதான் டிப்ஸ்.

நம் ஊரில் டிப்ஸ் பழக்கம் வேரூன்றவில்லை. மாமாக் கடையில் மீதிச் சில்லறையை மேசையில் விட்டு வந்தால் பையன் பின்னாலேயே ஓடிவந்து கையில் திணிப்பான். பெரிய ஹோட்டலில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் ரசீதிலேயே வந்துவிடும். அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இப்படி வளர்ந்தவர்கள் உல்லாசக் கப்பலின் கடைசி நாள் ரசீதைப் பார்த்தால் முதலில் தவறு நடந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்குத் தலைக்கு, நாளொன்றுக்கு 18 டாலர் 50 காசு. இது நான் எழுதும் நேரத்து நிலவரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே வருகிறது. நான்கு பேர், மூன்று இரவு என்றால் 222 டாலர். டாலருக்கு 4 வெள்ளி 20 காசு என்று வைத்தால் 932 வெள்ளி. மலேசியாவின் மாதாந்திரக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் பாதிக்கும் மேல். அந்த நிறுவனத்தில் கூரைக் கட்டிலில் இலவசமாக வந்த பிள்ளைக்கும் இதில் முழுப் பங்கு உண்டு. வேறு சில நிறுவனங்கள் கைக்குழந்தையை மட்டும் விட்டுவிடுகின்றன.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் பாதை நம் நாட்டுக்கே திரும்புகிறது. முன்பெல்லாம் கப்பலில் பயணிக்கு ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே பரிமாறுபவர். கடைசி இரவில் அறைக்கு நான்கைந்து காகித உறைகள் வரும்: அறைப் பணியாளருக்கு ஒன்று, பரிமாறுபவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று, மேற்பார்வையாளருக்கு ஒன்று. பணத்தை வைத்துக் கையில் கொடுத்துவிட்டு இறங்கவேண்டியதுதான். கெந்திங் குழுமம் 1993-இல் ஸ்டார் குரூசஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஆசியக் குடும்பங்கள் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ரகம் இல்லை. தாத்தாவுக்கு ஆறு மணிக்குக் கஞ்சி, பேரனுக்கு ஒன்பது மணிக்கு நூடல்ஸ். அதனால் ஸ்டார் கப்பல்களில் பல உணவகங்கள், விரும்பிய நேரத்தில் சாப்பாடு. 2000-இல் ஸ்டார் குரூசஸ், அமெரிக்கர்கள் நிறைய பயணம் செய்யும் நார்வீஜியன் குரூஸ் லைனை வாங்கியது. அதே ஆண்டு அந்த நிறுவனமும் விரும்பிய நேரத்தில் சாப்பிடும் முறையை அறிவித்தது.

அங்கேதான் உறைகள் சிக்கிக்கொண்டன. இன்று இந்த உணவகம், நாளை அந்த உணவகம் என்று போனால் பயணி யாருக்கு உறை கொடுப்பார்? பத்துப் பேர் பரிமாறியிருக்கிறார்கள். ஒருவர் முகமும் நினைவில் இல்லை. ஆகவே தலைக்கு, நாளொன்றுக்கு ஒரு தொகை தானாகவே கணக்கில் ஏறி, ஒரே நிதியில் சேர்ந்து, அங்கிருந்து பங்கு பிரியும் முறை வந்தது. தொடக்கத்தில் 10 டாலர். மெல்ல மெல்ல மற்ற நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன. சாப்பாட்டு நேரத்தை இஷ்டத்துக்கு விட்டதன் பக்க விளைவாக, இன்று உலகக் கடல்களில் ஓடும் தானியங்கி டிப்ஸ் வளர்ந்திருக்கிறது. அதில் ஒரு மலேசிய நிறுவனத்தின் கை இருக்கிறது என்பது ரசீதில் அச்சாகாத விவரம். அந்தக் கப்பல் சாம்ராஜ்யம் 2022 ஜனவரியில் கடனில் மூழ்கியது. அதே ஆண்டு ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதுப் பெயரில், கெந்திங் டிரீம் கப்பலோடு சிங்கப்பூரிலிருந்து மீண்டும் புறப்பட்டது.

தலைக்கு, நாளொன்றுக்கு என்ற கணக்கைப் பேராவின் தோட்டத்து முதியவர்கள் வேறொரு பெயரில் அறிவார்கள். ரப்பர் தோட்டங்களில் காலைப் பெரட்டுக்கு ஒரு கங்காணியின் ஆட்களில் எத்தனை பேர் வந்து நிற்கிறார்களோ, அத்தனை பேருக்கும் ஆளுக்குச் சில காசு என்று நிர்வாகம் அந்தக் கங்காணிக்குக் கொடுத்தது. தலைக்காசு என்று அதற்குப் பெயர். கப்பல் சீட்டின் சங்கதியும் புதிதில்லை. 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் காலாண்டுதோறும் வரி கட்டினார்கள்; அதிலிருந்து சென்னை, நாகப்பட்டினத் தொழிலாளியின் கப்பல் சீட்டு ‘இலவசம்’ ஆனது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் அளவுக்கு உரிமம் பெற்றிருந்தது. சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் பல குடும்பங்களின் முதல் கடல் பயணம் அந்தத் தளத்தில்தான். கணக்கு ஒன்றுதான், காசு போகும் திசைதான் வேறு. தலைக்காசு வேலை வாங்கியவருக்குப் போனது. கப்பல் டிப்ஸ் வேலை செய்தவருக்குப் போகவேண்டும்.

போகிறதா? இங்கேதான் கப்பலின் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். துறைமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கப்பல் பெயருக்குக் கீழே ஓர் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். பெரும்பாலும் கிள்ளானும் இருக்காது, சிங்கப்பூரும் இருக்காது. பஹாமாஸ் தீவின் தலைநகர் நாசாவ் என்றோ பனாமா என்றோ இருக்கும். அதுதான் ‘கொடிநாடு’: கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள் செல்லும். பயணி மலேசியர், பணியாளர் பிலிப்பினோ, முதலாளி அமெரிக்கர், கடல் இந்தோனேசியா பக்கம். சம்பளச் சட்டம் மட்டும் கரீபியன் தீவுடையது.

எல்லாக் கொடிகளுக்கும் பொதுவாக 2006-இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, திறன்பெற்ற மாலுமிக்கு 2025-இல் பரிந்துரைக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 673 டாலராக இருந்தது. நம் கணக்கில் 2,800 வெள்ளிச் சொச்சம். 24 மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அதே உடன்படிக்கை. திருப்பிப் படித்தால், ஒரு நாளில் பதினான்கு மணி நேரம்வரை வேலை வாங்கலாம் என்றாகிறது. ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. உங்கள் அறைத் துண்டை யானையாகவும் அன்னமாகவும் மடித்து வைத்துவிட்டுப் போகிறவரின் மாத வருமானத்தில் கணிசமான பகுதி அந்த டிப்ஸ் நிதியிலிருந்து வருகிறது. நீங்கள் முகமே பார்க்காத சலவைக்காரர், சமையலறை உதவியாளர் ஆகியோருக்கும் பல நிறுவனங்கள் அதிலிருந்து பங்கு கொடுக்கின்றன.

ஆக, டிப்ஸ் என்ற பெயரில் வாங்குவது சம்பளத்தைத்தான். கரையிலும் இந்த வித்தை உண்டு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2 டாலர் 13 காசு. 1991-லிருந்து அது நகரவே இல்லை. ஆஸ்திரேலியர்கள் டிப்ஸ் கொடுத்துப் பழகாதவர்கள். அதனால் அங்கே விற்கும் பல பயணங்களில் அதே நிறுவனங்கள் இந்தத் தொகையைச் சீட்டு விலைக்குள்ளேயே அடக்கிவிடுகின்றன. அங்கே முடிகிறதென்றால் இங்கேயும் முடியும். மலேசியர்களும் டிப்ஸ் கொடுத்துப் பழகாதவர்கள்தான். பிரித்துக் காட்டுவதில் ஒரே ஆதாயம், சுவரொட்டியில் விலை சின்னதாகத் தெரிவது.

மற்ற கூடுதல் செலவுகளைச் சட்டென்று பார்த்துவிடலாம். கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையே பணப்பை. நாணயம் பெரும்பாலும் அமெரிக்க டாலர் அல்லது சிங்கப்பூர் வெள்ளி. தண்ணீர், சாதாரண காப்பி, தேநீர் இலவசம். டின் பானத்துக்குக் காசு, அதற்கு மேல் பல நிறுவனங்களில் 18 விழுக்காடு தானாக ஏறும். கையெழுத்துப் போடக் கொடுக்கும் சீட்டைக் கவனியுங்கள். பானத்தின் விலை, அதன் கீழே சேர்க்கப்பட்ட 18 விழுக்காடு, அதற்கும் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று ஒரு வெற்றுக் கோடு. மங்கிய வெளிச்சத்தில் அந்தக் கோட்டை நிரப்பியே ஆகவேண்டும் என்று நினைத்து இரண்டாம் முறை கொடுப்பவர்கள் நிறைய பேர். மதுபானப் பொதி வாங்குவதானால், ஒரே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாங்கவேண்டும் என்பது பரவலான விதி. அப்பா மட்டும் வாங்கி அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தடுக்கத்தான்.

கைப்பேசி விஷயம் அப்படிச் சட்டென்று விடக்கூடியதல்ல. கப்பலின் மிக நுட்பமான கண்ணி அது. கரை விலகிச் சமிக்ஞைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். பிறகு திடீரென்று எல்லாக் கோடும் முளைக்கும், பெயர் மட்டும் புதிதாக இருக்கும். கப்பலுக்குள்ளேயே ஒரு குட்டித் தொலைபேசிக் கோபுரம் இருக்கிறது. கைப்பேசி அதை ஏதோ ஒரு வெளிநாடு என்று நினைத்துத் தானாக ஒட்டிக்கொள்ளும். கோபுரத்திலிருந்து பேச்சு செயற்கைக்கோளுக்குப் போகிறது. பழைய வகைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. பங்கோரைத் தாண்டும்போது நீங்கள் அனுப்பும் ‘சாப்பிட்டாச்சா?’ அங்கே ஏறி, அங்கிருந்து இறங்கி, 72,000 கிலோமீட்டர் அலைந்து ஈப்போ வீட்டுக்கு வருகிறது. பூமியை ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்றும் தூரம். உங்கள் நிறுவனத்தின் சாதாரண ரோமிங் திட்டம் பெரும்பாலும் இந்தக் கடல் வலையமைப்புக்குச் செல்லாது. பைக்குள் கிடக்கும் கைப்பேசி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் செயலிகளுக்கெல்லாம் தனிக் கட்டணம் விழும். விமான நிலையில் போட்டுவிட்டு, வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையைக் காசு கொடுத்து வாங்குவதே வழி. இப்போது சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே பறக்கும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் கூட்டங்கள் வந்துவிட்டதால் வேகம் கூடியிருக்கிறது. ராயல் கரீபியன் 2022-இலேயே அதற்கு மாறத் தொடங்கியது.

கரைச்சுற்றுலா பற்றி ஒன்று. கப்பல் பினாங்கில் நின்றால், கப்பல்காரர்கள் விற்கும் ஜார்ஜ்டவுன் சுற்றுலாவுக்குப் பேராக்காரர்கள் பணம் கட்டுவது வேடிக்கைதான். சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி, மணிக்கூண்டைத் தாண்டி நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் லிட்டில் இந்தியா. 1833-இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில் அங்கேதான். நடக்க முடியாதவர்களுக்கு நகருக்குள் இலவச கேட் பேருந்து ஓடுகிறது. ஆனால் பழக்கமில்லாத ஊரில் கப்பலின் சுற்றுலாவுக்குத் தரும் கூடுதல் காசு வீணில்லை. அந்தப் பேருந்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தானாகச் சுற்றப் போனவருக்காகக் காத்திருக்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

கடைசி இரவில் ஒரு வேலை நடக்கும். மூவாயிரம் பேர் மூன்று நாளில் அட்டையைத் தேய்த்த ஒவ்வொரு தேய்ப்பும் அறை வாரியாகப் பிரிந்து, விடியுமுன் கணக்கு முடிந்து, செயலியில் ரசீதாக நிற்கும். காலையில் சேவை மேசைக்கு முன்னால் வரிசை பிடிப்பவர்களில் சிலர் டிப்ஸை நீக்கச் சொல்லத்தான் நிற்கிறார்கள். பல நிறுவனங்கள் நீக்கவும் செய்யும். சில, அதைக் கட்டாயக் கட்டணம் என்றே வைத்திருக்கின்றன. நீக்குவதால் நாசாவ் கொடிக்கோ நிறுவனத்தின் லாபத்துக்கோ பெரிய குறை எதுவும் வந்துவிடாது. கூரைக் கட்டிலை இறக்கிக் கொடுத்தவரின் பங்கு குறையும். சேவை மோசமென்றால் முதல் நாளே சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள். விலையை மறைத்தது நிறுவனம். அந்தக் கோபத்தை அறைப் பணியாளர்மீது இறக்குவது நியாயமில்லை.

முன்பதிவு செய்யும்போதே முகவரிடம், துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் சேர்த்துக் குடும்பம் மொத்தத்துக்கும் வெள்ளியில் எவ்வளவு என்று எழுதி வாங்கிவிடுங்கள், கைக்குழந்தையையும் எண்ணிக்கொண்டு. பல நிறுவனங்களில் டிப்ஸை முன்கூட்டியே கட்டிவிடலாம். அப்படிக் கட்டியவர்களுக்கு, இடையில் கட்டணம் ஏறினாலும் பெரும்பாலும் பழைய விலையே செல்லும்.